தலைவர் வீட்டுச் சேவல்

இங்கே அமைதியா இருக்குமான்னு என்னைப் பார்த்துக் கேட்டீங்க பாருங்க அண்ணா, அங்கேதான் ஆள் தெரியாம மாட்டிக்கிட்டீங்க. வேம்பகம் நகரில் அமைதியைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், என்னிடம் மட்டும் கேட்கக் கூடாது. சரி, உட்காருங்க. புரோக்கர் சாவி எடுத்துக்கொண்டு வர நேரமாகும். அவர் டீக்கடையில் உட்கார்ந்தால் கடைக்காரரே எழுப்பி அனுப்பினால்தான் உண்டு. அந்த மாட்டு மேல சாயாதீங்க, கொம்பு ஏற்கெனவே உடைந்து ஒட்டினது. ஆமாம், சிமெண்டு மாடுதான். சிமெண்டு வண்டி, சிமெண்டு வண்டிக்காரர், அவர் தலையில் சிமெண்டு உருமால். உள்ளே வருகிறவர்களுக்குக் கிராமத்துக்குள் நுழைகிற மாதிரி இருக்க வேண்டுமாம். போன மழைக்காலத்தில் நிஜ மாடு ஒன்று வழி தவறி வந்துவிட்டது. அதை இந்தச் சிமெண்டு மாட்டைத் தாண்டித்தான் கம்பெடுத்து விரட்டிக்கொண்டு போனார்கள்.

வீதிப் பெயர்களைப் பார்த்திருப்பீங்களே. புன்னை வீதி, மகிழம் வீதி, கடம்பு வீதி. கடம்பு வீதியில் கடம்ப மரம் எது என்று கேளுங்கள், அந்த வீதியில் இருக்கிறவர்கள் போனை எடுத்துத் தேடுவார்கள். மரம் நிறைய இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. மேற்கே மலை தெரியும். காற்று வரும். சாயங்காலம் ஆனால் மயில் வந்து மதில் மேல் நிற்கும். எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். அது வாயைத் திறந்து அகவினால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். இவர்களுக்குக் கிராமம் வேண்டும், ஆனால் அது ஊமையாக இருக்க வேண்டும். கீரைக்கார அக்கா கூவக் கூடாது, கேட் முன்னால் நின்று மெசேஜ் போட வேண்டும். பால்காரர் ஹாரன் அடிக்கக் கூடாது. தலைவர் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினால் மட்டும் குருவி கத்தும், அது பரவாயில்லை.

தலைவர் என்றால் தெய்வநாயகம் சார். குடியிருப்போர் சங்கத் தலைவர். ஏதோ கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் இப்படி இருக்கும், கேளுங்க: "ஆக்சுவலா, நான் என்ன சொல்ல வரேன்னா..." எப்படி? மூக்கை லேசா அடைச்சுக்கிட்டு, வயிற்றிலிருந்து பேசணும். அவர் சம்சாரத்துக்கே வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் விடிகாலையில் பார்க்கை ஒட்டிய எங்கள் மதிலுக்குப் பின்னால் நின்று இந்தக் குரலில், பார்க்கில் இடமிருந்து வலமாக நடக்காதீர்கள், வலமிருந்து இடமாக நடந்தால்தான் முட்டிக்கு நல்லது என்றேன். அவ்வளவுதான். ரிட்டயர்டு ஆட்கள் அத்தனை பேரும் பேசாமல் திரும்பி எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். இன்னும் அப்படித்தான் நடக்கிறார்கள். தலைவரும் நடக்கிறார். அதைச் சொன்னது தான்தான் என்று அவரே நம்பிவிட்டார்.

எனக்கு எல்லார் குரலும் வரும் அண்ணா. வாட்ச்மேன், பக்கத்து வீட்டு நளினாட்சி ஆன்ட்டி, அவர்கள் வீட்டு மிக்சி, எங்கள் ஸ்கூல் பி.டி. சார். அதனால்தான் படிப்பு வரவில்லை என்று அம்மா சொல்வாள். மண்டையில் இடம் இல்லையாம். பத்தாவது பரீட்சைக்கு முன்னால் என் மாடல் மார்க்கைப் பார்த்துவிட்டு அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நேராக அவள் பிறந்த ஊருக்குப் போனாள். அன்னூருக்கு அந்தப்பக்கம். அங்கே கருப்பராயன் கோயிலில் நின்று, இந்தக் கழுதை பாஸ் பண்ணினால் ஆடி நோம்பித் திருவிழாவுக்குச் சேவல் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வரும்போது சேவலையும் கையோடு கொண்டு வந்துவிட்டாள்.

அதில் ஒரு கட்டு இருக்கிறது. சாமிக்கு விட்ட சேவல் வேண்டிக்கொண்டவர் வீட்டில்தான் வளர வேண்டும். அவர் கைச்சோறுதான் தின்ன வேண்டும். வேறு வீட்டில் கொண்டுபோய் விடக் கூடாது, விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. அதற்கு ஒன்று ஆனால் வேண்டுதல் முறிந்து போகும். நோம்பி வரைக்கும் அது உயிரோடு எங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு அது சேவல் இல்லை, என் ஹால் டிக்கெட்.

எனக்கு அது மேல பாசம் கீசம் ஒன்றும் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவலை உடம்பு, கறுப்பு வால், நடக்கும்போது கழுத்தை முன்னால் தள்ளித் தள்ளி, தலைவர் வாக்கிங் போகிற மாதிரியே போகும். பேரும் நான் வைக்கவில்லை. சும்மா தலைவரே என்று கூப்பிடுவேன், அது திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான்.

முதல் நாள் விடிகாலையில் அது கூவியது. என்ன கூவல் தெரியுமா. எனக்கே பொறாமை. கொக்கரக்கோ என்று புத்தகத்தில் போட்டிருப்பது எல்லாம் பொய் அண்ணா. முதலில் தொண்டைக்குள் ஒரு முறுக்கு, அப்புறம் ஒரு இழுப்பு, முடிவில் கயிறு அறுந்த மாதிரி ஒரு தொங்கல். அந்தத் தொங்கல் வருவதற்கு நான் அன்றைக்குப் பகல் முழுக்கக் குளியலறையில் கத்திப் பழகினேன்.

நகருக்குள் கலவரமே வந்துவிட்டது. சங்கத்து வாட்ஸப் குரூப்புக்கு "வேம்பகம் குடும்பம்" என்று பேர். அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு ஒருத்தரும் ஒருத்தரை விடவில்லை. நளினாட்சி ஆன்ட்டி தியானம் கலைந்துவிட்டது என்று போட்டார். யோகா சொல்லிக்கொடுக்கிறவர். கூவுவது ஆண் கோழியா பெண் கோழியா என்று ஒருத்தர் கேட்க, முட்டை இடும்போதுதான் கூவும் என்று இன்னொருத்தர் விளக்கம் கொடுத்தார். தலைவர் அன்று சாயங்காலமே விதி போட்டார். ஏழு மணிக்கு முன்னால் எந்த வீட்டு எல்லையிலிருந்து கால்நடைச் சத்தம் வருகிறதோ, அந்த வீட்டார் அதை ஒரு வாரத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும். சத்தம் எங்கள் மகிழம் வீதிப் பக்கம் கேட்கிறது, ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வீடு வீடாக வந்து பார்க்கும் என்றும் போட்டிருந்தார்.

அப்பா அந்த மெசேஜைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அவருக்குப் பீளமேட்டுப் பக்கம் கிரைண்டர் பட்டறை. இத்தனை வருசம் பட்டறைக்குப் பின்னால் ரெண்டு அறையில் இருந்துவிட்டு, பெரிய மனிதர்கள் நடுவில் வீடு வாங்கியிருக்கிறோம் என்று அவருக்கு ஒரே பெருமை. பேச்சையே மாற்றிவிட்டார். எங்களிடம் சாதாரணமாகப் பேசுவார், தலைவரைப் பார்த்தால் "ஷூர் சார், ஷூர் சார்". சேவலை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே வாக்கியம்தான் சொன்னாள்:

"பையன் ஃபெயிலாயிட்டா உங்க தலைவரு வந்து பரீட்சை எழுதுவாரா?"

அப்பா பட்டறைக்குப் போய்விட்டார்.

அப்புறம் பொறுப்பு என் கைக்கு வந்தது. சேவல் கூவுவதற்குக் கழுத்தை நீட்ட வேண்டும் அண்ணா. நிமிர்ந்து நின்று, தலையை மேலே தூக்கினால்தான் குரல் வரும். தூக்க இடம் இல்லையென்றால் வராது. பட்டறையிலிருந்து சாமான் கட்டி வந்த சப்பை மூங்கில் கூடை ஒன்று இருந்தது. ராத்திரி சேவலை உட்கார வைத்து, அதைக் கவிழ்த்து, மேலே ஒரு குழவிக்கல்லை வைத்தேன். உள்ளே உட்காரலாம், நிமிர முடியாது. விடிகாலையில் உள்ளே ஒரு முறுக்கு மட்டும் கேட்கும், அதோடு சரி.

ஆனால் விதி போட்ட மறுநாளே சத்தம் நின்றால் சந்தேகம் எங்கள் மேல் வருமா வராதா? அதனால் சத்தமும் நிற்கக் கூடாது, எங்கள் வீட்டிலிருந்தும் வரக் கூடாது. புன்னை வீதிக் கோடியில் தலைவர் வீடு. மதிலை ஒட்டி வெளியே காலி மனை, அதில் ஒரு வேப்ப மரம். கிளை முழுக்க தலைவர் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே. நான் இருட்டோடு போய் ஏறி உட்கார்ந்தேன். கீழ்வானம் வெளுக்கும்போது ஒன்று விட்டேன் பாருங்க. முறுக்கு, இழுப்பு, தொங்கல். தலைவர் வீட்டு விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. ரெண்டாவது கூவலுக்கு அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார். எங்கே பார்த்தார் தெரியுமா? ஆகாயத்தை. சேவல் பறந்துகொண்டே கூவும் என்று நினைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்தது. ஆனால் எங்கள் வீதிக்கு வரவில்லை, தலைவர் வீட்டுக்கு. அவர் போட்ட விதியை நளினாட்சி ஆன்ட்டி அவருக்கே வாசித்துக் காட்டினார். இந்தக் குரலில்: "ரூல்னா எல்லாருக்கும்தானே சார்? நமஸ்தே." கார் ஷெட், பூஜை அறை, மாடி டாங்க், கட்டிலுக்கு அடி, ஒன்று விடவில்லை. நானும் தேட உதவிக்குப் போனேன். பொறுப்பான பையன் என்று சொன்னார்கள். தலைவர் ஹாலில் நடுவில் நின்றுகொண்டு, என் வீட்டில் சேவல் இல்லை, என் வீட்டில் சேவல் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல இருக்கிற மாதிரியே இருந்தது. அவர் சம்சாரம் ஒருமுறை அவரைத் தனியாகக் கூட்டிப்போய், எனக்காவது உண்மையைச் சொல்லுங்க என்று கேட்டதை நான் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன்.

சித்திரை முடிந்து, ரிசல்ட் வந்து, நான் பாஸ். ஆமாம் அண்ணா, பாஸ்தான். அப்படிப் பார்க்காதீங்க. அம்மா ரிசல்ட்டைப் பார்த்ததும் பின்பக்கம் போய்ச் சேவலைக் கும்பிட்டாள். இனிமேல் நோம்பி வரைக்கும் அதைக் காப்பாற்ற வேண்டும். தலைவரோ விடுவதாக இல்லை. மானப் பிரச்சினையாகிவிட்டது. சேவலைப் பிடிக்காமல் ஓயமாட்டேன் என்று பகலிலும் வீதி வீதியாகச் சுற்ற ஆரம்பித்தார். அதனால் நான் பகலிலும் கூடையை எடுக்க முடியவில்லை. சாயங்காலம் ஒரு சுற்று விடுவேன், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. காலையில் மட்டும் தவறாமல் மரத்தில் என் டியூட்டி.

ஒரு நாள் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆள் பாதியாகியிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. பின்பக்கமாக வந்து, துணி காயப்போடுகிற இடத்தில் நின்று, அம்மாவிடம் கேட்டார். நீங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்கள், உங்களுக்குப் பழக்கம் இருக்கும், சேவலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. அம்மா காபி கொண்டு வந்து கொடுத்தாள். உட்கார ஸ்டூல் போட்டாள். அவர் உட்கார்ந்தார், கூடைக்குப் பக்கத்தில். டம்ளரைக் குழவிக்கல் மேலேயே வைத்தார்.

"ஆக்சுவலா, எனக்குத் தூக்கமே போச்சும்மா. இல்லாத சேவல் எப்படிம்மா கூவும்?"

அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளே அது உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உயிரே இல்லை. ஒரு முனகல் போதும், எல்லாம் முடிந்தது. காபி முழுவதும் குடித்து முடித்தார், ஊரைப் பற்றிப் பேசினார், மருந்து பேரெல்லாம் சொன்னார். உள்ளே ஒரு சத்தம் இல்லை. இறகு கூட அசையவில்லை. அவர் போனதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பார்த்தியாம்மா டிரெயினிங்கை என்றேன். அம்மா சிரிக்கவில்லை. கல்லை இறக்கிவிட்டுக் கூடையை எடுத்தாள். சேவல் எழுந்து நின்றது. தலைக்கு மேலே ஆகாயம்தான் இருக்கிறது. அது கழுத்தை மடக்கிக்கொண்டு அப்படியே நின்றது.

"டேய், இது கூவி எத்தன நாளாச்சு?"

நல்லதுதானே என்றேன். நல்லதா இல்லையா, நீங்களே சொல்லுங்க. நானே கூவிக்கொண்டிருக்கும்போது அது வேறு எதற்குக் கூவ வேண்டும்?

ஆடி நோம்பிக்கு அன்னூர் பஸ் ஏறினோம். அப்பா வரவில்லை, சங்கத்தில் ஏதோ மரம் நடுகிற விழா. சேவல் அம்மா மடியில். கோயிலில் நல்ல கூட்டம். எங்கள் கருப்பராயனுக்கு ஒரு பழக்கம். மற்ற இடங்களில் ஆட்டு மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் அது உடம்பைச் சிலிர்த்துத் துளுக்க வேண்டும், அப்போதுதான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இங்கே சேவலை முன்னால் விட்டு, தண்ணீர் தெளித்து, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். சேவல் தானாகக் கூவ வேண்டும். கூவினால் சாமி கேட்கிறது. கூவாமல் கத்தி வைக்க மாட்டார்கள்.

எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் சேவல், இறங்கின உடனே கூவிவிட்டுப் போய்ச் சேர்ந்தன. அப்புறம் எங்களுடையது. பூசாரி தண்ணீர் தெளித்தார். அது ஈரத்தோடு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, தரையையே பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடி தெளித்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தது. கூட்டத்தில் யாரோ, நோவு புடிச்ச சேவலா என்று கேட்டார்கள். அம்மா முகம் செத்துவிட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் நின்ற மாமா குனிந்து என் காதோடு சொன்னார்:

"அப்புனு, மெதுவா ஒரு சத்தம் குடு. பக்கத்துல ஒண்ணு கூவுனா இதும் கூவீரும். தப்பில்ல, எல்லாரும் பண்றதுதான்."

எனக்கு அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டியிருந்தது. பஸ்ஸில் ஐஸ் தின்றது. வேறொன்றும் இல்லை. மாமா இன்னொரு தரம் சொன்னார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தொண்டையைக் காட்டினேன். காலையில் பஸ்ஸில் கண்டக்டர் குரலில் டிக்கெட் கேட்டு ரெண்டு பேரை எழுப்பிவிட்டவன்தானே என்று அவளுக்குத் தெரியும்.  தொண்டைக் கட்டு அப்படித்தான் அண்ணா, திடீரென்று வரும்.

பூசாரி சேவலைத் தூக்கி அம்மா கையில் கொடுத்தார்.

"இப்ப வேண்டாங்கறாரு. கொண்டு போய் வெச்சிருங்க. என்னைக்குக் கூவுதோ அன்னைக்குக் கொண்டாங்க. அதுவரைக்கும் அவர் கணக்குலதான் இருக்குது."

 வருகிற வழியெல்லாம் அம்மா முந்தானையால் அதன் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. கூடையை எடுத்தாயிற்று, மரமேறுவதையும் விட்டுவிட்டேன். ஒரு நாள் சேவல் கேட்டைத் தாண்டி நடு வீதிக்குப் போய்விட்டது. அம்மா பின்னாலேயே ஓடினாள். எதிரே தலைவர், நளினாட்சி ஆன்ட்டி, கமிட்டி மொத்தமும். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குனிந்து உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள். எவ்வளவு அழகு, எவ்வளவு அமைதி என்றார்கள். சத்தமே போடாதா என்று தலைவர் கேட்டார். போடாது என்று அம்மா சொன்னாள். அப்படியென்றால் ஆட்சேபம் இல்லை, நம் நகருக்கு ஒரு கிராமியக் களை வரும் என்று அங்கேயே தீர்மானம் செய்துவிட்டார்கள். விருந்தாளிகள் வந்தால் இப்போது அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். குழந்தைகள் கம்புத் தானியம் போடுகின்றன, அம்மா அதைக் கூட்டித் தள்ளிவிடுகிறாள். தலைவர் தினமும் அதோடு கொஞ்ச தூரம் நடக்கிறார், ரெண்டு பேரும் வலமிருந்து இடமாக. அவரைத் தூங்கவிடாமல் செய்த சேவல் எதுவென்று இன்றுவரை தெரியாது. அது மலைப்பக்கம் பறந்து போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவர்களுக்கு ஏற்ற சேவல் கிடைத்துவிட்டது அண்ணா. கொண்டை இருக்கிறது, வால் இருக்கிறது, வாய் இல்லை.

அம்மா மட்டும் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து சமையல்கட்டில் விளக்குப் போடாமல் நிற்கிறாள். காது பின்பக்கம்தான். வேண்டுதல் தீரவில்லை, நான் இப்போது பதினொன்றாவது வேறு. கூவினால் அன்றைக்கே அன்னூர் பஸ் ஏறிவிடுவாள், நிச்சயம். நானும் அந்த நேரத்துக்கு முழித்துக்கொள்கிறேன். மரமேறிப் பழகின உடம்பு, தூக்கம் வருவதில்லை. அதனால் பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அதற்குத் துணைக்கெல்லாம் இல்லை.

நேற்று காலையில் அது என் பக்கத்தில் நின்றது. நன்றாக விடியவில்லை. திடீரென்று ஒரு காலை மாற்றி வைத்தது. சிறகை ரெண்டு தடவை அடித்தது. கழுத்து மெல்ல மெல்ல நீண்டது அண்ணா, எனக்கு அது அவ்வளவு நீளக் கழுத்து என்பதே மறந்து போயிருந்தது. தலையைத் தூக்கி அலகைத் திறந்தது. முதலில் அந்த முறுக்கு வந்தது, துருப்பிடித்த மாதிரி. அடுத்து இழுப்பு வரப் போகிறது, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா?

நான் கத்திவிட்டேன். அதற்கு முன்னால் ஒருநாளும் அவ்வளவு சத்தமாகக் கத்தினதில்லை. முறுக்கு, இழுப்பு, தொங்கல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கேவலமாக இருந்தது, ஒரு குழந்தை கூட ஏமாந்திருக்காது. வீதியில் விளக்கெல்லாம் எரிந்தது. குரூப்பில் என் பேரைப் போட்டே புகார் எழுதிவிட்டார்கள். அதன் குரல் எங்கே முடிந்தது, என் குரல் எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

சமையல்கட்டிலிருந்து அம்மா கேட்டாள், யாருடா அது என்று.

நான்தாம்மா என்றேன்.